கார்டு இல்லாத ஏழு பேர்

திங்கட்கிழமை காலை எங்கள் ஆபீஸ் ஜெபத்தோடு தொடங்கும். நைரோபியில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் மெஷின்களுக்காகவும் ஜெபிக்கிற முதலாளி என்றால் எனக்குத் தெரிந்து முரிமி ஒருவர்தான்.

"ஆண்டவரே, உம்முடைய சீடர்கள் பன்னிரண்டு பேர். எங்க மெஷினும் பன்னிரண்டு. அத்தனைக்கும் ஒரே பலத்தைக் கொடும்," என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

"ஆமென்," என்றோம். பக்கத்தில் நின்ற அகோத் அக்கா என் காதருகே, "ஏழு பேருக்குப் பலம் கடையிலதான் வாங்கணும். ஜெபத்துல வராது," என்றாள். அவள்தான் இங்கே மூத்த இஞ்சினியர். முரிமியைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆளும் அவள்தான்.

எங்கள் வேலை இதுதான். தேயிலை விவசாயிகள் நோய் கண்ட இலையைப் போனில் படமெடுத்து அனுப்புவார்கள். மெஷின்கள், அதாவது எங்கள் கம்ப்யூட்டர்கள், பார்த்து என்ன நோய் என்று சொல்லும். படம் பார்க்கிற வேலைக்குத் தனியாக ஒரு கார்டு உண்டு, யானை விலை. கார்டு உள்ள மெஷின் ஒரு கட்டுப் படங்களை டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். இல்லாத மெஷினும் முடிக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. எங்கள் பன்னிரண்டில் ஐந்தில்தான் கார்டு இருந்தது.

எந்த வேலை எந்த மெஷினுக்கு என்று மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. அதற்கொரு மென்பொருள் இருக்கிறது. வேலையைக் கன்டெய்னர் என்கிற பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால், மெஷின்களின் லேபிளைப் படித்து அனுப்பிவைக்கும். லேபிள் என்றால் காகிதமில்லை, மெஷின் பெயரோடு சேர்த்து எழுதிவைக்கிற ஒரு வரி. 'கார்டு உண்டு' என்று எழுதியிருந்தால் நம்பிவிடும், உள்ளே திறந்து பார்க்காது. முரிமிக்கு அதனிடம் ரொம்பப் பிடித்த குணமே அதுதான்.

போன வாரம் கெரிச்சோ தேயிலைக் கூட்டுறவிலிருந்து போன் வந்தது. "எத்தனை மெஷின்ல கார்டு இருக்கு?" என்று கேட்டார்கள். "எல்லாத்துலயும்," என்றார் முரிமி. போனை வைத்த கையோடு உட்கார்ந்து பன்னிரண்டுக்கும் தானே லேபிள் எழுதினார். ஏழு கார்டு வாங்குகிற வேலை, ஒரு காபி குடிக்கிற நேரத்தில் முடிந்துபோனது.

என்னை எடுத்ததே இதற்கு நேர்மாறான வேலைக்கு. கண்டுபிடிக்கும் மென்பொருள் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மெஷினிலும் அதன் ஒரு துண்டு உட்கார்ந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தானே தடவிப் பார்த்து, தானே லேபிள் எழுதும். அதை நிறுவிப் பராமரிப்பவன் நான். தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமை முடிகிறது. முரிமி கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், கென்யாவில் வேலை செய்கிற பெர்மிட்டும் கிடைக்கும். போடாவிட்டால் காங்கோவில் என் ஊரான புகாவுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே என் அக்கா நிசிமிரே, எனக்கு வேலை உறுதியாகிவிட்டது என்று ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை முரிமி என் திரையைப் பார்த்தார்.

"ப்யாமுங்கு, இது என்ன அஞ்சு?"

"மென்பொருள் கண்டுபிடிச்சது பாஸ். அஞ்சுலதான் கார்டு இருக்கு."

"நான் பன்னிரண்டுன்னு எழுதியிருக்கேனே."

"நீங்க எழுதின லேபிளை அது தொடாது பாஸ். தான் எழுதினதை மட்டும்தான் பாத்துக்கும். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும்."

"அப்ப வேலை எதைப் பாத்துப் போகுது?"

"உங்களோடதைப் பாத்து."

"நல்லது. நாளைக்கு கெரிச்சோ அம்மா வர்றாங்க. உன்னோடதை மூடி வை." போகும்போது திரும்பி, "வெள்ளிக்கிழமை உன் விஷயம் இருக்கில்ல?" என்றார், பிறந்தநாளை ஞாபகம் வைத்திருப்பவரைப்போல.

அகோத் அக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். "காங்கோக்காரனுக்குச் சட்டையை மடிப்புக் கலையாமப் போடத் தெரியும்னு எனக்குத் தெரியும். வாயையும் அப்படியே மடிச்சு வைக்கத் தெரியுமான்னு நாளைக்குப் பாப்போம்."

"நீங்க சொல்லலாமே அக்கா. உங்களுக்குப் பெர்மிட் வேண்டாம்."

"எனக்குப் பெர்மிட் வேண்டாம் தம்பி. சம்பளம் வேணும்."

கெரிச்சோ அம்மாவின் பெயர் ஜெரோதிச். கூட்டுறவில் இருபதாயிரம் விவசாயிகள் சார்பாகப் பேசுகிறவர். நோய் தொற்றினால் மருந்தடிக்கிற பருவம் போவதற்குள் பதில் கிடைக்க வேண்டும், அதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. கையோடு இலைப் படங்களை எடுத்து வந்திருந்தார், ஒரே மாதிரி இரண்டு கட்டு. "உங்க சாம்பிள் வேண்டாம். எங்க இலையைப் போடுங்க," என்றார்.

முதல் கட்டு, கடவுள் புண்ணியத்தில், கார்டுள்ள மெஷினில் விழுந்தது. அவர் மண்டாசிப் பணியாரத்தைப் பிட்டு வாயில் போடுவதற்குள் பதில் வந்துவிட்டது. முரிமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கார்டைத் தானே பெற்றெடுத்த மாதிரி.

இரண்டாவது கட்டு ஏழு பேரில் ஒருவரிடம் போனது.

டீ ஆறியது. இன்னொரு டீ வந்தது. பக்கத்து அறையில் மெஷினின் விசிறி, மேட்டில் ஏற முடியாத மட்டாட்டு வேனைப்போல முனகத் தொடங்கியது.

"என்ன ஆச்சு?" என்றார் ஜெரோதிச்.

"இந்த மெஷின் ரொம்ப ஆழமா யோசிக்கும் அம்மா," என்றார் முரிமி. "எல்லா மெஷினும் ஒரே பலம்தான். ஆனா சுபாவம் வேற வேற."

"ஒரே இலைதானே ஐயா. முதல் மெஷின் ஏன் ஆழமா யோசிக்கல?"

முரிமி விளக்கினார். மின்சாரத்தைக் குறை சொன்னார். பிறகு மழையை. பிறகு பொதுவாக அரசாங்கத்தை. ஜெரோதிச் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உன் பொறுப்புலதானே மெஷின் அறை. எத்தனையில கார்டு இருக்கு?"

முரிமி என்னைப் பார்த்துச் சிரித்தார், கண்ணில் சிரிப்பே இல்லாமல். எனக்குப் புகாவு பஸ் தெரிந்தது, பஸ்ஸை விட்டு இறங்கும்போது தெருவில் கூடி நிற்கிறவர்களும் தெரிந்தார்கள். பன்னிரண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இந்த அம்மா மருந்தடிக்கிற பருவத்தில் இதே கட்டை இதே ஏழு பேரிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்தில் காத்துக்கொண்டு நிற்பார். அது என் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"நான் சொல்றது வேண்டாம் அம்மா," என்று மூடி வைத்திருந்த திரையைத் திறந்தேன். "மெஷினே சொல்லும்."

ஐந்து.

ஜெரோதிச் திரையைக் குனிந்து பார்த்தார். "எங்களுக்கு அஞ்சு போதும்," என்றார். "எங்க வேலை அந்த அஞ்சுக்கு மட்டும் போகணும். இந்த மென்பொருள் சொல்றதைப் பாத்துத்தான் போகணும். ஒப்பந்தத்துல அதை எழுதுங்க."

முரிமிக்குப் பேச்சு நின்றது, நான் பார்த்து அதுவே முதல் தடவை. நின்ற வேகத்தில் திரும்பியும் வந்தது.

"அம்மா, எங்க கம்பெனியோட கொள்கையே உண்மைதான். நேத்தே இந்தப் பையன்கிட்ட சொன்னேன், அவங்க கேட்டா உள்ளதைக் காட்டுன்னு." என் தோளில் கையைப் போட்டார். கை கனமாக இருந்தது. "சொன்னேனா இல்லையா?"

அகோத் அக்கா கூரையைப் பார்த்தாள். ஜெரோதிச் என்னைப் பார்த்தார்.

"சொன்னீங்க பாஸ்," என்றேன்.

மெஷின்களைப் பற்றி ஒரு தடவை உண்மை சொன்னாயிற்று. முதலாளியைப் பற்றியும் சொல்கிற அளவுக்கு எனக்கு வசதியில்லை.

வெள்ளிக்கிழமை முரிமி கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"ப்யாமுங்கு, அடுத்த வாரம் எல்டோரெட்லேர்ந்து ஒரு ஆஸ்பத்திரி வருது. உன் மென்பொருள் பேரு நல்லா பரவிடுச்சு. அது சொன்னா எல்லாரும் நம்புறாங்க." குரலைத் தாழ்த்தினார். "அதையே எட்டுன்னு சொல்ல வைக்க வழி இருக்கா?"

இருக்கிறது. கார்டு இல்லாத மூன்று மெஷின்களில் ஒரு சின்னக் கோப்பை எழுதி வைத்தால் போதும். மென்பொருள் அதைப் படித்துவிட்டு, தானே கண்டுபிடித்ததைப்போல லேபிள் எழுதிவிடும். மை காயாத காகிதம் என் கையில் இருந்தது.

"வழியே இல்ல பாஸ்," என்றேன்.

"கண்டிப்பாவா?"

"அது ரொம்பப் பிடிவாதமான மென்பொருள் பாஸ்."

அந்த வழி அகோத் அக்காவுக்கும் தெரியும். முரிமி அவளிடம் கேட்டுவிடுவாரோ என்று அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.