விளக்கம் என்ற தலைப்பின் கீழ்

கையேடு அலுவலகத்தில் எல்லோருடைய திரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் மின்னல் நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்தான். வேகமாகத் தட்டச்சு செய்வதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மென்பொருளை வாங்கியவர்கள் விளக்கப் புத்தகம் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து எழுத யாருக்கும் உடம்பு வணங்கவில்லை. நிரல் எழுதுகிறவர்கள் வரிகளுக்கு நடுவே 'இந்த இடம் இதற்காக' என்று ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதிவைப்பது வழக்கம். கணினி அதைக் கண்டுகொள்ளாது. அந்தக் குறிப்புகளைத் தானாகத் திரட்டிப் புத்தகமாக்கும் கருவி ஒன்றை மின்னல் ஓடவிட்டான். ஒரே மதியத்தில் தலையணை கனத்தில் ஒரு புத்தகம். படித்துப் பார்க்கத்தான் இல்லை.

எதிர்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். உடனே வாயைப் பொத்திக்கொண்டு அக்காவின் மேஜைப் பக்கம் பார்த்தான். மின்னலுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா என்றால் அந்த அலுவலகத்தில் ஒருத்திதான். வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில், ஆஸ்பத்திரி நடையில், மடியில் கணினியை வைத்துக்கொண்டு அவள் எழுதிய பகுதி ஒன்று திருத்துவதற்காக இவனிடம் வந்தது. பிழையோடு மல்லுக்கட்டிய எரிச்சலில் அதன் தலையில் ஒரு குறிப்பு எழுதினான்: 'தொடாதே. எழுதினவங்களைப் பாவம் பார்த்து வேலையில வச்சிருக்காங்க.' நாலு பேர் சிரிப்பார்கள் என்று எழுதியது. சிரித்தும் இருந்தார்கள். இப்போது அது தடித்த எழுத்தில், விளக்கம் என்ற தலைப்பின் கீழ், அவளுடைய பெயருக்கு நேராக நின்றது.

அவள் மேஜையருகே போய் நின்றான். திரையில் அந்தப் பக்கம்தான்.

"அக்கா, நான்... ஏதோ கடுப்புல..."

"ப்ரோகிராம் மோசம்தான்டா. எனக்கே தெரியும்." குரல் சாதாரணமாக இருந்தது. "டாக்டர் கூப்பிட்டாருன்னு பாதியில மூடி வச்சேன். அப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்ல. அதுக்குத் திட்டினா வாங்கிக்கறேன். பாவம் பார்த்துன்னு எழுதியிருக்கியே, அது நீயா நெனச்சதா, யாராவது சொன்னதா?"

மேனேஜர் சொன்னது. டீ குடிக்கும்போது. சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள், இவனும்தான். நானாக எழுதியது என்று ஒரு பொய் சொன்னால் போதும், அவளுக்கு ஒரே ஓர் ஆள்தான் கெட்டவன். மற்றவர்களோடு அவள் நாளைக்கும் முகம் பார்த்துப் பேசலாம். அது அவனுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தான் மட்டும் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று உள்ளே ஒன்று முண்டியது. கண் மேனேஜரின் கண்ணாடி அறைப் பக்கம் போய்த் திரும்பியது.

அக்கா அந்தக் கண் போன வழியே பார்த்தாள்.

"ஓ," என்றாள். "நல்லா வேலை பாக்கறேன்னு என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு. வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து கேட்டாரு மனுஷன்."

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, அவர்கிட்ட கேக்காதீங்க. என் வேலை போயிடும்." சொன்ன பிறகுதான் தன் குரல் அவன் காதில் விழுந்தது. காது மடல் சுட்டது.

அப்போதுதான் அவள் அவன் முகத்தை முழுதாகப் பார்த்தாள். "உன் பேரைச் சொல்ல மாட்டேன், போ."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுவது எதுவும் கேட்காது. மேனேஜர் சிரித்த முகத்தோடு எதிர்நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.