சின்னக்கண்ணு பேர் கேட்கணும்

சாணார்பட்டிப் பெண்கள் கபடி அணிக்கு நுழைவுப் பாட்டு செய்து தந்தது ரீனா. திண்டுக்கல்லில் ஒரு மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. வேலை முடிந்தால் மாடி அறை, லேப்டாப், ஹெட்போன். அணித் தலைவி ஜீவிதா ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் ராகம் போட்டுக் கூவ, அதற்கு அடியில் எலக்ட்ரானிக் மேளம், கனத்து அதிரும் பேஸ், கைதட்டல், கீபோர்டு என்று ரீனா அடுக்கியிருந்தாள். பெயர் ஒலித்ததும் அந்தப் பெண் மைதானத்துக்குள் ஓடிவர வேண்டும். ஹெட்போனில் கேட்டபோது ரீனாவுக்கே புல்லரித்தது.

தாடிக்கொம்பு மைதானத்தில் மானம் போனது. ஆளுயர ஸ்பீக்கர்களிலிருந்து கும் கும்மென்று இரைச்சல்தான் வந்தது. பெயர்கள் அதற்குள் அமுங்கிப்போயின. வேறு யார் பெயரையோ தன் பெயர் என்று நினைத்து சின்னக்கண்ணு முந்தி ஓடிவந்துவிட்டாள். நட்டநடு மைதானத்தில் அவள் தனியாக விழித்துக்கொண்டு நிற்க, கூட்டம் சிரித்தது.

"அடுத்த மேட்ச்சுக்கு வேற ஏதாவது சினிமாப் பாட்டு போட்ருவமாக்கா?" தயங்கித் தயங்கித்தான் கேட்டாள் ஜீவிதா.

"வேணாம்டி. செத்த பொறு. நம்ம பாட்டுத்தான் போடணும்."

வீட்டுக்கு வந்ததும் ரீனா முதலில் குரலின் சத்தத்தை ஏற்றிப் பார்த்தாள். காது கிழிந்ததே தவிரக் கலங்கல் தெளியவில்லை. பேஸைக் குறைத்தால் பாட்டில் உயிரே இல்லை. கடைசியில் ஒவ்வொரு ஒலியையும் தனியாக ஓடவிட்டுக் கேட்டாள். தனித்தனியே எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கைதட்டல், கீபோர்டு, ஏன், ஜீவிதாவின் குரலுக்குக்கூட அடியில் ஓர் உறுமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வாழைத்தாரோடு சிறுமலை பஸ்ஸில் ஏறிய கூட்டம் மாதிரி எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நின்றன.

மேளத்தையும் பேஸையும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் அந்த அடி உறுமலை வெட்டினாள். மேளம் விழும்போதெல்லாம் பேஸ் ஒரு நொடி அடங்கிக் கொடுக்கும்படி செய்தாள். மிச்சம் இருந்தது கீபோர்டின் நீண்ட அலை. பார்த்துப் பார்த்து அவள் இழைத்தது. அதுவோ சரியாகக் குரலின் மேலேயே படுத்திருந்தது. குறைத்துப் பார்த்தாள், மாற்றிப் பார்த்தாள். பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பெயர்கள் வரும் இடத்தில் அதை அடியோடு எடுத்துவிட்டாள்.

போனின் சின்ன ஸ்பீக்கரில், சத்தத்தைக் குறைத்து வைத்துப் பாட்டைப் போட்டாள். சமையலறையில் கணவன் ஆண்டனிராஜ் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தான்.

"யாரு சின்னக்கண்ணு? இந்தக் கூப்பாடு கூப்புடுறாக?" என்று அங்கிருந்தே கேட்டான்.

ரீனா துள்ளிக் குதித்தாள்.

அடுத்த ஆட்டம் திண்டுக்கல்லில். மேளம் நெஞ்சில் இடித்தது. அதன் மேல் ஒவ்வொரு பெயரும் கண்ணாடி மாதிரி தெளிவாக எழுந்தது. சின்னக்கண்ணு சரியான நேரத்தில் பாய்ந்து வந்தாள். கூட்டம் அவள் பெயரை அப்படியே திருப்பிச் சொன்னது. பந்தல் ஓரத்தில் நின்ற அவள் அம்மா, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "எம்மவ பேரு, எம்மவ பேரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மைக்செட்காரர் வாஜித், ஆட்டம் முடிந்ததும் ரீனாவைத் தேடி வந்தார்.

"எந்த ஸ்டூடியோல மிக்ஸ் பண்ணதும்மா? மெட்ராஸா? இம்புட்டுத் தெளிவா நம்ம செட்டுல எந்தப் பாட்டும் பேசினதில்ல."

"இந்த ஊருதாண்ணே. எங்க வீட்டு மாடி ரூம்பு," என்றாள் ரீனா. "மிக்ஸ் பண்ணது நானு."