மிளகு ஒளித்து வைத்த நீலக்கட்டி

அந்த மழலையர் பள்ளிக்கு வருவதற்கு முன் டீச்சர் பன்னிரண்டு வருடம் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். அதனால் நான்கு வயதுக் குழந்தைகளிடமும், "பனிக்கட்டி என்பது நீரின் திட வடிவம்" என்றுதான் ஆரம்பிப்பார். குழந்தைகள் கொட்டாவி விடுவார்கள்.

அன்று பேச்சைக் குறைத்துக்கொண்டார். கலர் கலந்து உறைய வைத்திருந்த கட்டிகளைத் தட்டில் கொட்டி, "இன்னைக்கு இதுதான் பிரஷ்ஷு. வரைங்க பாக்கலாம்" என்றார்.

வகுப்பு களைகட்டியது. வெள்ளைத் தாள்களில் கட்டிகள் வழுக்கி ஓடின. சதா ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பதால் வண்டு என்று பெயர் வாங்கிய பையன், மஞ்சளையும் நீலத்தையும் மோதவிட்டு, "டீச்சர், நான் பச்சை பண்ணிட்டேன்!" என்று குதித்தான்.

மிளகு மட்டும் வரையவில்லை. ஆள் சிறிது, காரம் பெரிது என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். நீலக்கட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா டவுன் பஸ் ஓட்டுகிறவர். மகள் கண் விழிப்பதற்குள் கிளம்பிவிடுவார். சாயங்காலம் அம்மாவிடம் காட்டலாம் என்று, யாரும் பார்க்காதபோது கட்டியைக் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டாள் மிளகு.

மதியத் தூக்கம் கலைந்ததும் வகுப்பே இரண்டுபட்டது.

"என் கட்டியக் காணோம்! வண்டுதான் எடுத்துட்டான்!" என்று பையைத் துழாவியபடி கத்தினாள் மிளகு.

"நான் எடுக்கல!" வண்டுக்கு உதடு பிதுங்கியது. தன் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு பொத்தானும் கொஞ்சம் ரொட்டித் தூளும்தான் விழுந்தன.

மிளகின் கவுனில் படர்ந்திருந்த நீலக் கறையைப் பார்த்ததும் டீச்சருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாக்கு நுனிவரை பாடம் வந்தது. குழந்தையின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தார்.

"உன் பையைப் பிழிஞ்சு பாக்கலாமா கண்ணு?"

கீழே ஒரு தாளைப் பிடித்தார். மிளகு பிழிந்தாள். இரண்டு சொட்டு நீலம் விழுந்தது.

"பாத்தியா, யாரும் எடுக்கல. இங்கேயேதான் இருக்கு."

"செத்துப்போச்சா?"

"இல்லடா. முதல்ல தண்ணியாத்தான் இருந்துச்சு. குளிர்ல கட்டியாச்சு. உன் உடம்புச் சூடு பட்டதும் திரும்பத் தண்ணியாயிடுச்சு."

"என் சூடா?" மிளகு தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நேரே வண்டிடம் போனாள். "நீ எடுக்கல. நான்தான் சூடு."

"அதத்தான நான் அப்பவே சொன்னேன்" என்றான் வண்டு, பெரிய மனுஷன் மாதிரி.

சாயங்காலம் சீருடையோடு வந்த அம்மாவின் கண்ணில் முதலில் பட்டது கறைதான். "ஐயையோ, புது கவுனாச்சே! என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"திட்டாதம்மா. அது உனக்குத்தான்."

அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. முழங்கால் உயர நாற்காலி ஒன்றில் எப்படியோ உட்கார்ந்து, "எனக்கா? சொல்லு" என்றார்.

"நான் அதோட தூங்கினேனா, அதுக்கு ரொம்ப சுகமா இருந்துச்சு. அதான் தண்ணியாயிடுச்சு."

பரிசோதனைக் கூடத்தில் இந்த விளக்கம் செல்லாது. டீச்சர் திருத்தவில்லை.

அம்மா மகளின் ஈரப் பையை உள்ளங்கையால் தடவிக்கொடுத்தார். பிறகு நிமிர்ந்து, "நாளைக்கும் இது உண்டா டீச்சர்?" என்று கேட்டார்.

"நீங்க வர்றதா இருந்தா உண்டு."

"பத்து மணிக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஓய்வு. டிப்போ பக்கத்துலதான இருக்கு."

சொன்னபடியே மறுநாள் வந்து குழந்தைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மிளகு ஒரு நீலக்கட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "சீக்கிரம் பாரும்மா, போயிடும்."

"அப்பா, என்னா சில்லுனு இருக்கு!" அம்மாவுக்குத் தோள் வரை கூசியது. தாளில் வளைந்து வளைந்து ஒரு நீளமான சாலை வரைந்தார். மிளகு அதன்மேல் பஸ் ஒன்றை நிறுத்தினாள். சக்கரம் ஐந்து. வண்டு யாரும் கேட்காமலே ஹார்ன் அடித்தான்.

நேரமாகிவிட்டது. விரல் நுனிகளில் ஒட்டிய நீலத்தைக் கழுவாமலே அம்மா பஸ் எடுக்கப் போனார்.