அபிநயாவின் பெஞ்சு நகர்ந்த வருஷம்

செந்துறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்தாம் வகுப்பு அபிநயா உட்கார்ந்திருந்த பெஞ்சு, அவள் அப்பா பிச்சைமுத்து லாரியில் ஒரு நடை போய்வரும் ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை வாசலை நோக்கி நகர்ந்தது. பிச்சைமுத்து சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறவர். மற்றவர்கள் ஆறு நடை அடித்தால் அவர் எட்டு அடிப்பார். ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. ஜூனில் கரும்பலகைக்கு எதிரே இருந்த பெண், ஆடிப்பெருக்குக்கு வாசற்படியைத் தாண்டிவிட்டாள். கார்த்திகை மழையில் வேப்பமரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு கணக்குப் பாடம் கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, காதில் ஒன்றும் விழவில்லை. வேறு பெஞ்சு போட்டார்கள், அதுவும் நகர்ந்தது. ஆணி அடித்தார்கள், ஆணியோடு போனது. கொஞ்சநாள் அங்கிருந்தே கை தூக்கிப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டு, ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் குருநாதன் மூன்று முறை ஆளனுப்பிய பிறகு, தை மாதம் ஒருநாள் பிச்சைமுத்து வந்தார், இன்ஜினை அணைக்காமல். பெஞ்சின் கால் கேட்டில் இடித்துக்கொண்டு நின்றது. "பப்ளிக் பரீட்சைக்கு ஹாலுக்குள்ள இருக்கணுங்க. வெளிய உக்காந்து எழுத ரூல் இல்ல" என்றார் குருநாதன். "நான் ஓடுறதே அவ படிக்கத்தானே சார்?" என்றார் பிச்சைமுத்து. அதில் பொய்யில்லை, பாவம். பெஞ்சு திரும்பி வருமா என்று அரியலூர் ரோட்டில் அரை கிலோமீட்டர் தூரம் லாரியை ரிவர்ஸில் ஓட்டிப் பார்த்தார். டிரைவர் புத்திக்கு வேறென்ன தோன்றும்? பெஞ்சு அசையவில்லை.

மாசியில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துக்கிடந்தார். பெஞ்சு நாலு முழம் உள்ளே வந்தது. மனைவி சுமதிதான் கண்டுபிடித்தாள். "நீங்க சும்மா இருந்தா அது வருதுங்க." "சும்மா இருக்கறதெல்லாம் ஒரு வேலையாடி?" என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் மறுநாளிலிருந்து நாலே நடையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மனுஷருக்கு உட்காரத் தெரியவில்லை. ஃபேனைக் கூட்டினார், குறைத்தார். மகள் வாய்விட்டுப் படிப்பதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார். அழுகை வந்தது, முகம் கழுவப் போய்விட்டார்.

தமிழ்ப் பரீட்சை அன்று பெஞ்சு ஹாலுக்குள் இருந்தது, வாசற்படிக்கு உள்பக்கம் ஒரே ஒரு விரற்கடை. காலையில் லாரி முதலாளி சுதர்சன் போன் செய்தார். "ஒரே ஒரு நடைதான்யா, ஆள் வரல." "இன்னிக்கு முடியாதுங்க." "அப்ப வண்டிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்." "பாத்துக்குங்க" என்றார் பிச்சைமுத்து. பள்ளிக்கு எதிரே இருந்த மதகுக் கட்டையில் பத்து மணிக்கு உட்கார்ந்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒவ்வொன்றாகப் போயின, சிநேகிதர்கள் ஹாரன் அடித்தார்கள். கால் தானாகக் கிளட்ச்சைத் தேடியது. ஒண்ணேகால் மணிவரை அந்த இடத்தைவிட்டு அவர் அசையவில்லை. பெஞ்சும் அசையவில்லை. அன்றைய தேர்வு அறிக்கையில் பெஞ்சைப் பற்றி ஒரு வரியும் இல்லை, எல்லாரும் எழுதினார்கள் என்று மட்டும் இருந்தது.

"எந்திரிக்கவே இல்லியாப்பா?" என்றாள் அபிநயா.

"கால் மரத்துப்போச்சு சாமி. கையக் குடு."

தூக்கிவிட்டாள். "நாளன்னிக்கு இங்கிலீசு."

"தெரியும். இதே எடத்துலதான் இருப்பேன்."