நீலம் அடிக்காத வராந்தா

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலேயே அழகான சின்ன நகரம் என்று பத்திரிகைகள் எங்கள் மார்லோவைப் பற்றி எழுதித் தள்ளுகின்றன. இங்கே வராந்தாக் கூரையின் அடிப்பக்கத்துக்கு வெளிர்நீலம் அடிப்பார்கள். ஆவிகள் அதைத் தண்ணீரென்று நினைத்து, தாண்டி உள்ளே வராதாம். சுற்றுலா வருகிறவர்கள் அதை அண்ணாந்து படமெடுத்தபடியே என் அசேலியாச் செடிகளை மிதித்துத் துவைப்பார்கள். தெருவில் என் வீட்டு விடுதிக்கு மட்டும் கூரை வெள்ளை.

மூன்று வருடம் முன்பு என் மகன் டால்டன் ஆற்றில் மூழ்கிப் போனான். அடக்கம் முடிந்ததும், அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களைக்கூடத் திருப்பிக் கொடுக்காமல், ஏணி போட்டு ஏறி நானே வெள்ளையடித்தேன். தண்ணீரில் போன பிள்ளைக்கு வாசலிலும் தண்ணீரையா காட்டுவது? அன்றிலிருந்து மாடியில் அவன் கட்டிலில்தான் படுக்கிறேன். அவன் வரவில்லை. அம்மா படுத்திருந்தால் கூச்சப்படுவானோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

என் சித்தி மகன் லானி உயரத் தொப்பியும் கையில் லாந்தருமாக, பொழுது சாயும் நேரத்தில் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பேய்க்கதை சொல்லிப் பிழைப்பவன். வெள்ளையடித்த காரணம் அவனுக்கு மட்டும் தெரியும். இந்த வசந்தத்தில் ஒருநாள் என் வீட்டு வாசலிலேயே நின்று அதைக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். பிசைந்த மாவுக் கையோடு வெளியே ஓடினேன்.

“லானி! என் புள்ள பேர உன் வாயால சொல்லாத. இந்த ஊர்ல இருநூறு வருஷத்துப் பொணம் தெருவுக்குத் தெரு கெடக்கு. அத வித்துப் பொழச்சுக்கோ.”

“கோவிச்சுக்காதக்கா. பழைய பொணத்துக்கெல்லாம் இப்ப யாரு அழுறா? உன் கதைக்குத்தான் அழுறாங்க.”

அவன் கழுத்தை நெரித்துவிடலாம் போலிருந்தது. அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் புருஷனை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். ஒஹாயோக்காரர்கள்.

“அந்தப் பையனோட ரூம் இன்னைக்குக் கெடைக்குமாங்க?”

துடைப்பத்தை எடுத்திருக்க வேண்டும். “கெடைக்கும்” என்றேன். லானியே வாயைப் பிளந்தான். காசுக்கு ஆசைப்பட்டேன் என்று நினைத்திருப்பான். எனக்கு வராதவன் வேறு யாருக்காவது வருவானோ என்ற நப்பாசைதான். விரிப்பை மாற்றினேன், ஆணியில் தொங்கிய என் பிள்ளையின் தொப்பியை மட்டும் எடுக்கவில்லை.

காலையில் பன்றித்தொடைக்கறி வறுத்து, சோளக்கஞ்சி கிண்டி, காபிக் கூஜாவோடு மேசையருகே நின்றேன். அந்த ஒஹாயோக்காரி உப்பிய முகத்தோடு புருஷனுடன் வந்து உட்கார்ந்தாள்.

“ரூம் சௌகரியமா இருந்துச்சாம்மா?”

“ரூமுக்கு என்னங்க. ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்ததுதான் மிச்சம். ஒரு சத்தமில்ல, ஒரு நெழலில்ல. அந்தத் தொப்பிக்காரர் நல்லா கதை விட்டிருக்கார்!”

“கதவுப் பக்கம்கூட ஒண்ணும் தெரியலயா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா.”

“யாரும் வரலங்க. அந்த ரூம்ல யாருமே இல்ல.”

“எனக்கும் வரலம்மா” என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அது வெறும் கதையில்லை, நான் மகனுக்காகக் காத்திருந்தவள் என்பது அப்போதுதான் உறைத்தது போல. அதன்பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு லானி இளித்துக்கொண்டே வந்தான். “என்னக்கா, ஆவி வந்துச்சா?”

“உன் வீட்ல நீலப் பெயிண்ட் மிச்சம் இருந்தா எடுத்துட்டு வா.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. கொண்டுவந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டான். வெயில் ஏறும்வரை அடித்தேன். கதவுக்கு மேலே கொஞ்சம் வெள்ளை பாக்கி இருந்தபோது கை ஓடவில்லை.

“குடுக்கா, அத நான் அடிக்கிறேன்.”

கொடுக்கவில்லை. என் பிள்ளைக்காக வழியைத் திறந்து வைத்தவள் நான். நானே அடைத்தேன்.