மூன்றாம் தடவை திரும்பாத பணம்

ஆபீஸில் அவளுக்கு ரிட்டர்ன் அக்கா என்றுதான் பெயர். தொழிற்சாலையிலிருந்து வங்கி வழியாக அனுப்புகிற பணத்தில், போய்ச் சேராமல் திரும்பி வருவதெல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். கணக்கு மூடியாச்சு, எண் தப்பு என்று வங்கி ஏதாவது ஒரு காரணம் சொல்லும். அவள் ஆளைத் தேடிப் பிடித்து, கோளாறைச் சரிசெய்து, மறுபடி அனுப்புவாள். அதில் கெட்டிக்காரி.

கட்டெறும்பு விஷயத்தில் மட்டும் அந்தக் கெட்டிக்காரத்தனம் எடுபடவில்லை.

கட்டெறும்பு பேக்கிங் பிரிவில் இருந்தவள். ஆள் சிறுசு, கை படுசுறுசுறுப்பு. அதனால் அந்தப் பெயர். பெட்டிகளுக்குப் பட்டை இறுக்குகிற மெஷின் அவளுடைய வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. எட்டு மாதம் இழுத்தடித்து, ஒருவழியாக நஷ்ட ஈட்டுக்கு உத்தரவு வந்தது. மொத்தமும் ஒரே தவணையில், அவள் பெயருள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

முதல் தடவை அனுப்பியது மறுநாளே திரும்பிவிட்டது. பெயர் பொருந்தவில்லை. அவள் கொடுத்திருந்தது லாரி ஓட்டுகிற புருஷனுடைய கணக்கு எண். கூப்பிட்டு விசாரித்தால், தனக்கென்று கணக்கே கிடையாது, சம்பளத்தைக் கான்டிராக்டர் ரொக்கமாகத் தன் கையில்தான் கொடுப்பார் என்றாள்.

"உனக்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சிடும்மா. உன் விரலுக்கு வந்த காசு, உன் பேர்ல இருக்கட்டும்" என்றாள் ரிட்டர்ன் அக்கா.

நாலாம் நாளே புதுப் பாஸ்புக்கோடு வந்து நின்றாள் கட்டெறும்பு. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றாள்.

அந்தக் கணக்குக்கு அனுப்பிய பணமும் திரும்பியது. இந்தத் தடவை காரணம் அக்காவுக்கே புதிது. வங்கிக்குப் போன் போட்டுக் கேட்டதில், அடையாள அட்டையை மட்டும் வைத்துத் திறந்த சின்னக் கணக்கு அது, குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஏற்காது என்றார்கள். வரம்பை எடுக்க முகவரிச் சான்று வேண்டுமாம். வாடகைப் பத்திரம், கரண்ட் பில், எல்லாமே புருஷன் பெயரில். அவன் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் நடக்கும்.

அக்கா மேனேஜரிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். அவர் உத்தரவை எடுத்துக் காட்டிவிட்டு, கம்பெனிக் கணக்கை முடிக்க இன்னும் ஒன்பது நாள்தான், அதற்குள் போகாவிட்டால் பணம் தலைமை அலுவலகத்துக்கே போய்விடும், அப்புறம் முதலிலிருந்து அலைய வேண்டியதுதான் என்றார்.

இதற்குள் புதுக் கணக்கைப் பற்றிய வங்கிக் கடிதம் கட்டெறும்பின் வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் புருஷன் வந்தான். சத்தம் போடுவான் என்று அக்கா பயந்தாள். அவனோ மேடம் மேடம் என்று பணிவாகப் பேசினான். தன் கணக்கிலேயே மனைவி பெயரையும் சேர்த்துவிட்டதாகச் சொல்லி, அதற்கான தாளை மேஜையில் வைத்தான். இனிமேல் பெயர் பொருந்தும். எந்த விதியிலும் அதைத் தடுக்க இடமில்லை. கட்டெறும்பு அவன் முதுகுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ சொல்லும்மா. உனக்குச் சம்மதமா?"

"அவர் சொல்ற மாதிரியே போட்டுடுங்கக்கா."

அக்கா போட்டாள். இத்தனை வருஷ வேலையில் முதல் முறையாக, ஒரு பணம் திரும்பி வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மறுநாள் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தரம் பார்த்தாள். வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து கட்டெறும்பு பேசினாள்.

"எவ்வளவுக்கா போட்டீங்க?"

அக்கா தொகையைச் சொன்னாள்.

"அவர் அதுல பாதிகூடச் சொல்லல. அதைத் திரும்ப வரவழைக்க முடியாதாக்கா?"

"போய்ச் சேர்ந்துட்டா அப்புறம் நம்ம கையில இல்லம்மா."

"சரிக்கா. நீங்க வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

அக்காவுக்கு வேலை ஓடவில்லை. வங்கியைக் கேட்டாள். பெயர் சேர்ந்திருப்பதால் அந்தம்மா அடையாள அட்டையோடு நேரில் வந்தால், மிச்சம் இருப்பதில் தானே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆபீஸில் பதிவாகியிருந்தது புருஷனுடைய எண் மட்டும்தான்; அதனால் கட்டெறும்பு பேசிய எண்ணுக்கே உடனே கூப்பிட்டாள். எடுத்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். போனை வாங்கிப் பேசிய அந்தம்மா அப்போதே போய்விட்டார், யார் என்று தனக்குத் தெரியாது என்றார்.