உப்பு தொடாத வெண்கலம்

என்னுடையது சிவந்திருந்தால் நான் தோற்றேன். பச்சை படிந்திருந்தால் போதும். கடவுளே, பச்சை.

ஒரு வருடமாகத் தாட்சாயினி இந்த இரண்டு நிறங்களோடுதான் படுத்தெழும்பினாள். முள்ளியவளையில் சின்னதாக ஒரு கடைசல் பட்டறை வைத்திருப்பவள். முல்லைத்தீவுக் கடற்கரையில் இன்று இரண்டு படகுகளைக் கரையேற்றியிருந்தார்கள். எஞ்சினின் சுழல்தண்டு கடல்நீருக்குள் உருளும் இடத்தில் ஒவ்வொன்றிலும் அதைத் தாங்கும் உலோக வளையமாக ஒரு புஷ் இருந்தது. மீனவர் நிஸாரின் படகில் இருந்தது அவள் வார்த்தது: செம்புக் கம்பியை உருக்கி, பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்த வெண்கலம். மற்றது பெரிய பட்டறைக்காரர் சின்னராசா செய்தது. சண்டை முடிந்த காலத்தில் பொறுக்கிச் சேர்த்த செல் கோதுகளின், வெடித்த எறிகணை உறைகளின், பித்தளை. வன்னியில் அதற்குப் பஞ்சமில்லை. குழாய்க்கும் அதுதான், கொண்டிக்கும் அதுதான்.

"பித்தளையிலை துத்தநாகம் கிடக்கு. உப்புத்தண்ணி அதை உறிஞ்சிப்போடும்" என்று மீனவர் சங்கக் கூட்டத்தில் அவள் சொன்னபோது, சின்னராசா கதிரையில் சாய்ந்து சிரித்தார்.

"குண்டையே தாங்கின பித்தளை, பிள்ளை. உப்புக்குப் பயப்பிடுமோ?"

கூட்டமே சிரித்தது. நிஸார் மட்டும் எழும்பினார். "என்ர போட்டிலை தங்கச்சியின்ரயைப் போடுங்கோ. வருசம் முடியப் பாப்பம். எது நிக்குதோ, சங்கத்தின்ர பதினெட்டுப் போட்டுக்கும் அதுதான்."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவள் தன்னையே சந்தேகித்தாள். உலை போதிய அளவு சூடேறியதா? வார்ப்புக்குள் காற்று நின்றிருக்குமா? புத்தகத்தில் படித்ததைச் சொல்லிவிட்டேனா? அந்தச் சிரிப்பு, கடைசல் தூள் சட்டைக்குள் போனதுபோல, எங்கோ குத்திக்கொண்டே இருந்தது.

முதலில் சின்னராசாவின் புஷ்ஷைக் கழற்றினார்கள். மஞ்சள் போய் ரோசாச் சிவப்பாகியிருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியளோ? கறளில்லை, களிம்பில்லை. செம்பு மாதிரி எல்லே கிடக்கு!"

செம்புதான், என்று நினைத்தாள் தாட்சாயினி. துத்தநாகம் கரைந்துபோக மிஞ்சிய, உள்ளெல்லாம் ஓட்டை விழுந்த செம்பு.

"அண்ணை, சுத்தியலாலை ஒருக்கா மெல்லத் தட்டுங்கோ."

தட்டினார். நனைந்த பிஸ்கற்போல உதிர்ந்து, ஒரு துண்டு அவருடைய செருப்பில் விழுந்தது.

"குண்டையெல்லோ தாங்கினது!" என்றார் நிஸார். கடற்கரையே சிரித்தது.

அடுத்தது அவளுடையது. கரும்பச்சை. கத்தியால் சுரண்டினாள், மெல்லிய தோலுக்கடியில் தேன் நிறம். சுழல்தண்டை நுழைத்து ஒற்றை விரலால் தள்ளினாள். ஆட்டமில்லாமல் உருண்டது. சுத்தியலால் அவளே தட்டினாள். கணீரென்றது.

ஒரு வருடமாகச் சின்னராசாவுக்கென்று தீட்டி வைத்திருந்த வசனங்களில் ஒன்றுகூட இப்போது வேண்டியிருக்கவில்லை. அதுதான் பெரிய சந்தோசமாக இருந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"பதினெட்டுப் போட்டுக்கும் தாட்சாயினிதான்!" சங்கத் தலைவி விமலேஸ்வரியின் குரல் அலைக்கு மேலால் கேட்டது.

ஆட்கள் கலைந்ததும் சின்னராசா கிட்ட வந்தார். குரல் கனிந்திருந்தது.

"பிள்ளை, உன்ர சின்ன உலையிலை பதினெட்டை எப்ப வார்த்து முடிக்கிறது? என்ர உலைக்கு வா. கலவை உன்ரை, முத்திரை என்ரை. சனத்துக்கு என்ர பேர்தானே பழக்கம்."

போன வருடம் என்றால் தலையாட்டியிருப்பேன், என்று அவளுக்குத் தெரிந்தது. நன்றியும் சொல்லியிருப்பேன்.

புஷ்ஷின் விளிம்பைப் பெருவிரலால் தேய்த்தாள். பச்சைக்கடியிலிருந்து, வார்த்த அன்று அவள் தன் முத்திரையாகக் குத்திய 'தா' தெளிவாக எழுந்தது. ஒரு கோடுகூடக் கரையவில்லை.

"இல்லை அண்ணை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அதைத் துணியில் சுற்றினாள்.